கலெக்டர் கனவுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

ஐயா,

இளநிலைப் புள்ளியியல் இறுதியாண்டில் இருக்கும் மகளை ஐ.ஏ.எஸ். தேர்வுக்காக டெல்லிப் பயிற்சி மையத்துக்கு அனுப்ப, வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வைக்க வேண்டாம் என்பதே என் பதில். 2024-ஆம் ஆண்டின் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வை ஏறத்தாழ 5.83 இலட்சம் பேர் எழுதினார்கள், இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர், அவர்களிலும் ஐ.ஏ.எஸ். இடங்கள் 180 மட்டுமே. நம் வீட்டில் ஒரு கலெக்டர் வேண்டும் என்று வற்புறுத்தும் உங்கள் மைத்துனர் அந்தக் கடனில் ஒரு தவணையையும் கட்டப்போவதில்லை.

உறவினர் எவரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது: இந்தியப் புள்ளியியல் பணி. 1961-இல் தொடங்கப்பட்ட இதற்கும், குடிமைப் பணித் தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி.யே தனித் தேர்வு நடத்துகிறது. முதல்நிலைத் தேர்வு என்ற வடிகட்டல் இதில் இல்லை. எழுத்துத் தேர்வின் 1,000 மதிப்பெண்களில் 800 புள்ளியியலுக்கே உரியவை, பொது ஆங்கிலத்துக்கும் பொது அறிவுக்கும் தலா 100, நேர்முகத்துக்குத் தனியாக 200. புள்ளியியலின் நான்கு தாள்களில் முதல் இரண்டு கொள்குறி வகை (தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை), மற்ற இரண்டும் விரித்தெழுதுபவை. இளநிலைப் பட்டத்தில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்து, 21 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 30.

தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ஐ.ஏ.எஸ். அதிகாரி தொடங்குவதும் இதே தொகையில்தான். விலைவாசிக் குறியீடு, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பீடு, தேசிய மாதிரி ஆய்வு என அரசு முடிவெடுக்க நம்பியிருக்கும் எண்களை உருவாக்குவோர் இவர்களே. படிப்படியாகத் தலைமை இயக்குநர் வரை உயரலாம். மாவட்டத்தை ஆளும் அதிகாரம் மட்டும் கிடைக்காது. (கார் மேல் சுழலும் விளக்கை உங்கள் மைத்துனர் நினைத்திருந்தால், அது 2017-லேயே கலெக்டர்களுக்கும் போய்விட்டது.)

இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன்: 2025-இல் அறிவிக்கப்பட்டவை 35. ஆகவே இதற்கும் கடன் வாங்காதீர்கள். முதுநிலைப் புள்ளியியலை அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படித்தபடியே உங்கள் மகள் தேர்வுக்கு ஆயத்தமாகட்டும். கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டம் வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் மருந்து ஆய்விலும் வேலைக்கு உதவும்.

மாதிரியெடுப்புக் கோட்பாடு பிடிக்கும், நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்வது பிடிக்காது என்று உங்கள் கடிதத்தின் அடியில் அவரே எழுதியிருக்கிறார். யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் புள்ளியியல் பணித் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு தாள்களை அவர் எழுதிப் பார்க்கட்டும். அதுவரை டெல்லிக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.