கோழியில் ரிக்-ஐ (RIG-I) மரபணு கிடைக்கவில்லையா? தேடல் சரிதான்

வணக்கம். ஹெப்பாள் விடுதியில் உட்கார்ந்து நாலு நாளாகக் கோழி மரபணுத்தொகுப்பில், செல்லுக்குள் நுழைந்த வைரஸை உணர்ந்து தற்காப்பைத் தூண்டும் ரிக்-ஐ மரபணுவைத் தேடியும் சிக்கவில்லை, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. அந்த மரபணு கோழியிடம் கிடையாது. வாத்திடமும் நம்மிடமும் உண்டு. பறவைக்காய்ச்சலில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாக, பல வாத்துகள் தாக்குப்பிடிக்க இது ஒரு காரணம். வாத்தின் ரிக்-ஐயைக் கோழிச் செல்லுக்குள் வைத்ததும் வைரஸ் பெருக்கம் குறைந்ததை 2010இல் காட்டினார்கள். அழகான சோதனை, அவசியம் படியுங்கள்.

ஆனால் கண்ணில் படாததையெல்லாம் ‘இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் (TNF-α) கோழிக்கு இல்லையென்றே பல வருடம் நம்பினோம், 2018இல் அகப்பட்டது. டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் மண்டிய பகுதிகள் வரிசைப்படுத்தும்போது நழுவிவிடும். அதனால் வாத்தில் ரிக்-ஐக்கு இருபுறமும் உள்ள மரபணுக்களைக் கோழியில் தேடி, இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்ணீரல் ஆர்என்ஏ தரவிலும் ஒருமுறை துழாவுங்கள்.