பழைய காரின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே மாட்டலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மாடல் பிரீமியர் பத்மினி இன்னும் ஓடுகிறது. டேங்கில் துரு விழுந்து கார்புரேட்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டது. டேங்கைக் கழற்றி, ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் கழுவி, ஓட்டை இருந்த இடத்தைப் பற்றவைத்து வாங்கிவிட்டோம். திரும்ப மாட்ட மெக்கானிக் கேட்கும் கூலி அதிகமாகத் தெரிகிறது. நானும் தம்பியும் வீட்டு போர்ட்டிகோவில் வைத்தே மாட்டிவிடலாமா? புதிதாக என்னென்ன வாங்க வேண்டும்? இல்லை, புது டேங்கே செய்து வாங்கிவிடலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: தாராளமாக மாட்டலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய இரண்டு பேருக்கு இது ஒரு காலைப் பொழுது வேலை. எனக்குக் கவலையெல்லாம் காசை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதில்தான். டேங்கைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள்கூட, அதோடு சேரும் ரப்பர் ஹோஸ், பேக்கிங், கிளிப் மூன்றையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறார்கள். தகடு நன்றாக இருந்தும் பெட்ரோல் ஒழுகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

முதலில் ஹோஸ். பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்து ரப்பர் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்தது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இப்போது அநேகமாக எந்த பங்க்குக்குப் போனாலும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், நாளாக ஆக விரிசல் விட வைக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் பிரிந்து தங்கி, மறுபடி துருவைக் கிளப்பும். அதனால் பழைய ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். புதிது வாங்கும்போது ஹோஸின் மேலேயே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ (SAE J30 R9) என்ற பெட்ரோல் ஹோஸ் தரக் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த எழுத்தும் இல்லாத கறுப்புக் குழாயை ‘இதுவும் பெட்ரோல் ஹோஸ்தான்’ என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபும் வேண்டாம்; வெயிலில் விறைத்துப்போய் கிளிப்பிலிருந்து நழுவிவிடும்.

அடுத்தது, பெட்ரோல் அளவைக் காட்ட டேங்கில் மாட்டும் கேஜ் யூனிட்டுக்கு அடியில் வரும் பேக்கிங். கார்க்கும் நைட்ரைல் ரப்பரும் கலந்த ஷீட் கிடைத்தால் பழைய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். எஞ்சினுக்குப் பூசும் சாதாரண சிலிக்கான் பேஸ்டைப் பேக்கிங்குக்குப் பதிலாகத் தடவ வேண்டாம். அது பெட்ரோலில் ஊறி, பிய்ந்து, அந்தத் துணுக்குகளே ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் பக்கம் ஒரு புது ஃபில்டரும் போட்டுவிடுங்கள். கழுவிய டேங்க் முதல் சில நாட்களுக்குத் துருப்பொடி விடத்தான் செய்யும்.

புது டேங்க் வேண்டுமா என்பதை உள்ளே பார்த்து முடிவு செய்யுங்கள். எல்.இ.டி. டார்ச்சை வெளியே பிடித்தபடி டேங்கின் வாய் வழியாகப் பாருங்கள். கரன்ட் வயரில் எரியும் பல்பு விளக்கு கூடாது. துரு வெறும் பொடியாக இருந்தால் பழையதே போதும். செதில் செதிலாகப் பெயர்ந்தால் பற்றவைக்கப் பற்றவைக்கப் புது இடத்தில் ஒழுகும், மாற்றிவிடுங்கள். பழைய உதிரி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுப்பதானாலும் இதே சோதனைதான். தகட்டை மடித்துச் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால், உள்ளே பெட்ரோல் அலையாமல் தடுக்கும் தகடு, கேஜ் துளை, காற்று போய்வரும் மூச்சுக்குழாய் மூன்றும் பழைய டேங்கில் இருந்தபடியே வர வேண்டும் என்று சொல்லி எழுதி வாங்குங்கள். உள்ளே பூசும் கோட்டிங்கை எத்தனாலுக்குத் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும் வாங்கலாம்.

போர்ட்டிகோ விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாசற்படி தாண்டி, சமையலறை அடுப்பு வரைக்கும், சாமி விளக்கு வரைக்கும் போகும். அதனால் வண்டியை வெளியே தள்ளி, காற்றோட்டமான மரநிழலில் நிறுத்தி வேலை செய்யுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஆவி இன்னும் வேகமாகக் கிளம்பும். விடிந்ததும் ஆரம்பித்துவிடுவது நல்லது. காலி டேங்க்தானே என்று நினைக்கவே வேண்டாம். நிரம்பிய டேங்கைவிட, ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். பற்றவைத்த இடம் மறுபடி கசிந்தால் அது திரும்பப் பட்டறைக்குத்தான் போக வேண்டும், வீட்டில் தொடவே கூடாது.

மாட்டுவதற்கு முன்பே ஒழுகலைச் சோதித்துவிடுங்கள். துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பில் லேசாக இரண்டு அழுத்து மட்டும் காற்று விட்டு, தகடுகள் சேரும் தையல்களில் சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், தையலே பிரிந்துவிடும்.

பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ கீழே போகாதீர்கள். டேங்கும் பாடித் தகடும் உரசும் இடங்களில் ரப்பர் பட்டை வையுங்கள். கம்பளித்துணி ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும். டேங்கை முழுக்க ஏற்றிவிட்டால் கை போகாத ஹோஸ், கேஜ் வயர், எர்த் வயர் எல்லாவற்றையும் பாதி ஏற்றும்போதே இணைத்துவிடுங்கள். எர்த் போகும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாமல் விட்டால் கேஜ் முள் சரியாகக் காட்டாது. எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் ஊற்றும் குழாய் நேராக உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மூச்சுக்குழாயை ஊதிப் பாருங்கள். பெயின்ட் அடித்தபோது அது அடைபட்டிருந்தால், வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுக்கும். பழைய மூடியில் காற்றுத் துளை இருந்ததா என்று பார்க்காமல் புது மூடி வாங்கினாலும் இதே தொல்லைதான்.

முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, அடியில் அட்டை விரித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அது சரியாக இருந்தால் ஓட்டிப் பார்த்துவிட்டு முழுக்க நிரப்புங்கள். மேல் தையலும் கேஜ் பேக்கிங்கும் கசிகிறதா என்பது டேங்க் நிரம்பினால்தான் தெரியும்.

கேள்வி: டேங்க் வேலைக்காக எடுத்த பெட்ரோலைத் தண்ணீர் கேனில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தவறா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: தவறு. இன்றே வேறு வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள 30 லிட்டர்தான் அளவு. அதுவும் இறுக மூடிய உலோகக் கலனில், ஒரு கலனுக்கு 25 லிட்டருக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக அனுமதி உண்டு, ஆனால் 30 லிட்டரைத் தாண்டினால் ஆட்கள் இல்லாத தனிக் கட்டடம் வேண்டும். பிளாஸ்டிக் கேனுக்கு இதில் இடமே இல்லை. டேங்கைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை ஓட்டியே குறைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் என் பழைய அம்பாசடருக்குக் கேஜ் யூனிட் வாங்கினேன். பில் தரவில்லை. மாட்டினால் முள் அசையவே இல்லை. ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ என்ற போர்டைக் காட்டுகிறார். என்ன செய்யலாம்?
– மேலூர் வாசகர்

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் எர்த் வயரைச் சரிபாருங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் யூனிட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். மிதவை நகர நகர மீட்டர் காட்டும் எண் மாற வேண்டும். மாறாவிட்டால் கோளாறு பொருளில்தான். அதை அப்படியே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த போர்டுக்குப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், திரும்பக் கொடுக்க 30 நாள் கணக்கு. செல்போனில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சாட்சி. முதலில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தேதி போட்டு எழுதுங்கள். அவர் இறங்கி வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. மனு போடக் கெடு இரண்டு வருடம். ஆனால் மேலே சொன்ன 30 நாளுக்குள் கடைக்கு எழுதிவிடுங்கள்.