கல்லூரி ரன்னிங் பேக் என்எஃப்எல்லில் தேறுவானா: கொலம்பஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கொலம்பஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, அமெரிக்க ஃபுட்பால் ஆட்ட விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் "நம்ம ரன்னிங் பேக் என்எஃப்எல்லில் நிற்பானா, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கான ஒரு கல்லூரிப் பையன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தேறுவானா என்று எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பதே உங்கள் கேள்வி. ஒஹாயோவில் இது பொழுதுபோக்குப் பேச்சு மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரரோடு பழக்கம் தொடங்கும் இடமே இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மொத்த யார்டுக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஒரு ஓட்டத்தில் முதல் மூன்று நான்கு யார்டு பெரும்பாலும் முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள் திறந்துவிட்ட வழி. அதற்குப் பிறகு வருவதுதான் பையனுடைய சொந்தச் சம்பாத்தியம். கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது அந்த ஐவர் அடங்கிய லைன் அவனோடு வராது. தட்டையான பிட்சில் எடுத்த இரட்டைச் சதத்தை நம்பி ஒருவரை வெளிநாட்டு டெஸ்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான்.

என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். 2012 டிராஃப்டைப் பாருங்கள். அலபாமாவின் டிரென்ட் ரிச்சர்ட்சன் முந்தைய சீசனில் 1,679 யார்டு, 21 டச்டவுன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை மூன்றாவது ஆளாகவே எடுத்தது. அதே டிராஃப்டில் ஃப்ளோரிடா அட்லாண்டிக் என்ற சிறிய கல்லூரியின் ஆல்ஃப்ரெட் மோரிஸ், ஆறாவது சுற்றில் 173வது ஆளாக வாஷிங்டனுக்குப் போனார். முதல் வருடம் மோரிஸ் 1,613 யார்டு, ரிச்சர்ட்சன் 950. அடுத்த செப்டம்பரிலேயே பிரவுன்ஸ் ரிச்சர்ட்சனை இண்டியானாபொலிஸுக்கு மாற்றிவிட்டது. கடைசியில் அவருடைய என்எஃப்எல் சராசரி ஓட்டத்துக்கு 3.3 யார்டில் நின்றது. அலபாமாவில் அவருக்கு வழி திறந்த லைனில் இரண்டு பேர், சான்ஸ் வார்மாக்கும் டி.ஜே. ஃப்ளூக்கரும், 2013 டிராஃப்டில் 10வது, 11வது ஆட்களாகப் போனவர்கள். அப்படிப்பட்ட சுவருக்குப் பின்னால் ஓடும்போது எங்கே திரும்ப வேண்டும் என்று தேட வேண்டிய கட்டாயமே அதிகம் வராது. மோரிஸ் வேகக்காரர் அல்ல, ஆனால் லைன் பக்கவாட்டில் நகரும்போது எந்த இடைவெளி திறக்கும் என்று பொறுத்துப் பார்த்து, ஒரே ஒரு கட் (சட்டென்று திசை திருப்புவது) வைத்து மேலே போவார். வாஷிங்டன் கோச் மைக் ஷனஹானின் ஓட்டமுறைக்கு வேண்டியது அதுதான். ஓடக்கூடிய குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ராபர்ட் கிரிஃபின் பக்கத்தில் நின்றதால் ஒரு டிஃபெண்டர் எப்போதும் தயங்கி நின்றார், அதுவும் உதவியது.

லைனின் பங்கைப் பிரிக்க நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அந்தப் பையன் ஆடியதில் மிகக் கடினமான மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமான அணிகளுக்கு எதிரான செப்டம்பர் ஆட்டங்கள் வேண்டாம். நாற்பது, ஐம்பது ஓட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: முதல் எதிராளி எந்த இடத்தில் தொட்டான், தொட்ட பிறகு எத்தனை யார்டு, அந்த முதல் ஆளைத் தவிர்த்தானா விழுந்தானா. பிறகு மிக நீளமான ஒரு ஓட்டத்தை அடித்துவிட்டுச் சராசரி பாருங்கள். 5.6 இருந்தது 4.1 ஆகிவிட்டால், அந்த ஒரு 70 யார்டுதான் அவனைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. கூடவே வெற்றி விகிதமும் போடுங்கள்: முதல் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றாவது நான்காவதில் முழுவதும் எடுத்தால் அது வெற்றி. பாதி ஓட்டங்களாவது தேறினால் அவன் அணியின் டிரைவை, அதாவது பந்தோடு முன்னேறும் தொடர் முயற்சியை, உயிரோடு வைத்திருக்கிறான் என்று பொருள்.

இன்னும் எளிய வழி, அதே லைனுக்குப் பின்னால் ஓடும் சகாவோடு ஒப்பிடுவது. உங்கள் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 2024 சீசனில் தேசியப் பட்டம் வென்ற ஒஹாயோ ஸ்டேட்டில் குவின்ஷான் ஜட்கின்ஸ் 194 ஓட்டத்தில் 1,060 யார்டு, ட்ரெவியான் ஹெண்டர்சன் 144 ஓட்டத்தில் 1,016. சராசரியை மட்டும் பார்த்தால் ஹெண்டர்சன் வெகுதூரம் மேலே. ஆனால் பிரவுன்ஸ் ஜட்கின்ஸை 36வதாகவும், பேட்ரியட்ஸ் ஹெண்டர்சனை 38வதாகவும் எடுத்தன, இடைவெளி இரண்டே இடம். ஒருவர் 221 பவுண்டு, இன்னொருவர் 202. யாரை எந்த டவுனில், எத்தனை டிஃபெண்டர்கள் முன்னால் குவிந்திருக்கும்போது ஓட விட்டார்கள் என்று பார்த்தால்தான் சராசரிக்கு அர்த்தம் வரும். முன்னால் ஆறு பேர் நிற்கும்போது எடுத்த ஏழு யார்டும், எட்டுப் பேர் நிற்கும்போது எடுத்த நான்கு யார்டும் ஒன்றல்ல.

வீடியோவில் என்ன பார்ப்பது? பந்தை விட்டுவிட்டு அவன் கண்ணையும் காலையும் பாருங்கள். டிவி காட்சியில் இது சரியாகத் தெரியாது, 22 பேரும் தெரியும்படி மேலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால் நல்லது. பந்து கைக்கு வந்ததும் நல்ல ரன்னிங் பேக் முதல் இரண்டு மூன்று அடியைச் சிறிதாக வைப்பான், தோள் கோல் லைனைப் பார்த்தபடியே இருக்கும். கபடியில் கார்னர் எந்தக் காலில் எடையைப் போட்டிருக்கிறான் என்று ரெய்டர் பார்ப்பதுபோல, லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன்) எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று பார்த்து, அவன் சாய்ந்த பிறகே எதிர்ப்பக்கம் திரும்புவான். சாயும் முன்பே திரும்பினால் லைன்பேக்கரும் கூடவே வந்துவிடுவான். தேறாத பையன்களிடம் இரண்டு குற்றம் திரும்பத் திரும்ப வரும்: உள்ளே மூன்று யார்டு கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடுவது, அல்லது லைன்மேன் முதுகிலேயே போய் மோதுவது.

ஓரத்துக்கு ஓடும் பழக்கம் கல்லூரியில் ஏன் பலிக்கிறது என்பதற்கு அளவுக் கணக்கே இருக்கிறது. மைதான அகலம் இரண்டிலும் 160 அடி. ஆனால் பந்து வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருந்தால் அகலமான பக்கத்தில் 100 அடி வெட்டவெளி. என்எஃப்எல்லில் அதே இடம் 90 அடிக்கும் குறைவு. துரத்துகிறவனும் அங்கே இன்னும் வேகக்காரன். அகலப் பக்கம் ஓடியே 1,200 யார்டு சேர்த்தவனைப் பற்றி நான் எப்போதும் ஒரு படி குறைத்தே பேசுவேன். இன்னொரு வித்தியாசம்: பாஸா ஓட்டமா என்பதைக் குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்பிஓ ஆட்டங்களில், பாஸ் போவதற்குள் கல்லூரி லைன்மேன் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு கல்லூரி டிஃபெண்டரை நிறையவே குழப்பும்.

இப்போது பெரும்பாலான ரசிகர்கள் கவனிக்காத, ஆனால் கோச்கள் முதலில் பார்க்கும் விஷயம்: பந்து இல்லாதபோது குவார்ட்டர்பேக்கைக் காப்பது. முதல் வருடப் பையன் பெஞ்சில் உட்காருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மூன்றாவது டவுன், ஏழு யார்டு தேவை என்று வையுங்கள். ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு, முன்பே தன் பொறுப்பு யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். குவார்ட்டர்பேக் மேல் இரண்டு பேர் பிளிட்ஸாகப் பாய்ந்தால் விதி, உள்ளிருந்து வெளியே: குவார்ட்டர்பேக்குக்குக் குறுக்கு வழி உள்பக்கம் என்பதால் உள்ளே வருபவனை முதலில் தடுக்க வேண்டும். தடுக்கும்போது முட்டி மடங்கி, முதுகு நேராக, தலை நிமிர்ந்து, இரண்டு கையும் எதிராளியின் மார்புத் தட்டுக்குள் போக வேண்டும். பாய்ந்து வருகிறவன் 240 பவுண்டு ஆள். தலையைக் குனிந்தால் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்திலேயே காத்து நின்றால் வருகிறவன் அவனையே குவார்ட்டர்பேக் மேல் தள்ளிவிடுவான். இரண்டடி முன்னால் போய்ச் சந்திக்க வேண்டும். ஹெண்டர்சனை டிராஃப்டுக்கு முன் எல்லோரும் பாராட்டியது வேகத்துக்கு மட்டுமல்ல, இந்த வேலைக்கும்தான். கைரன் வில்லியம்ஸ் இன்னொருவர்: 194 பவுண்டு, 40 யார்டு ஓட 4.65 நொடி, அதனால் 2022இல் ஐந்தாவது சுற்று வரை யாரும் தொடவில்லை. தடுப்பதிலும் வழி பார்ப்பதிலும் அவர் கெட்டிக்காரர் என்பதால் ராம்ஸ் அவரை வெளியே எடுக்கவே தேவையில்லாமல் போனது. 2023இல் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு.

பாஸ் பிடிப்பதில் எண்ணிக்கையைவிடப் பிடிக்கும் விதம் முக்கியம். கையால் பிடிக்கிறானா, உடம்பில் அணைத்துப் பிடிக்கிறானா? குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்று வாங்கும் ஸ்க்ரீன் (லைன்மேன்கள் முன்னால் காவல் போகும் குட்டிப் பாஸ்) மட்டும்தானா, லைன்பேக்கரைத் திருப்பிவிட்டுப் பாஸ் வாங்க வகுத்த பாதையில் ஓடுகிறானா? காட்டன் பௌல் ஆட்டத்தில் டெக்சாஸுக்கு எதிராக ஹெண்டர்சன் 75 யார்டு போனது ஸ்க்ரீனில்தான். ஸ்க்ரீனும் நல்ல ஆயுதமே, ஆனால் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019இல் ஓட்டத்தில் 1,387, பாஸில் 1,005 என்று இரண்டிலும் ஆயிரம் தொட்டது பாதை ஓடத் தெரிந்ததால்.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் (கல்லூரிப் பையன்களை என்எஃப்எல் அளந்து சோதிக்கும் முகாம்) எண்களைப் பற்றி ஆபீஸில் ஒரு வாரம் பேசுவார்கள். 40 யார்டு நேரத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், எடையோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்பீட் ஸ்கோர் என்று ஒரு கணக்கு: எடையை 200ஆல் பெருக்கி, நேரத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் (நேரத்தின் நான்காம் அடுக்கு) வருவதால் வகுக்க வேண்டும். 100 என்றால் சராசரி. சாக்வான் பார்க்லி 233 பவுண்டு, 4.40 நொடி: 124. டெவான் அசேன் 188 பவுண்டு, 4.32: அவரைவிட வேகம், ஆனாலும் 108. வில்லியம்ஸுக்குப் போட்டால் 83. அதனால் இதைக் கதவைச் சாத்துவதற்கல்ல, மறுபடி வீடியோ பார்க்கச் சொல்லும் மணியாக வையுங்கள். கல்லூரியிலேயே நடக்கும் ப்ரோ டே நேரங்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கும், கம்பைன் எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெரிக் ஹென்றி அலபாமாவில் 2015இல் 395 முறை பந்தைச் சுமந்தார், பிறகு 2020இல் என்எஃப்எல்லில் 2,027 யார்டு ஓடினார், ஆனால் 247 பவுண்டு உடம்பு எல்லோருக்கும் கிடைக்காது. சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் 2011இலும் 2012இலும் முழங்காலில் பலமாக அடிபட்டார். 2013இல் ஃபார்ட்டிநைனர்ஸ் நான்காவது சுற்றில் நம்பி எடுத்தது, ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் 2014இல் விடைபெற்றார். எந்த முட்டி, எத்தனை முறை, திரும்பிய பிறகு அந்தக் காலை ஊன்றிக் கட் வைக்கிறானா என்று பார்ப்பது இரக்கமற்ற வேலை அல்ல. அந்தப் பையனுடைய முதல் ஒப்பந்தம் நான்கு வருடம்தான், ரன்னிங் பேக்குகளில் பலருக்கு இரண்டாவது பெரிய ஒப்பந்தம் வருவதே இல்லை.

அணிகளும் அதனால்தான் கையை இறுக்குகின்றன. 2022இல் முதல் ரன்னிங் பேக் போனது 36வது இடத்தில், 2024இல் 46வது. 2025இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி 6வதாகப் போனார் என்றால், முந்தைய சீசனின் 2,601 யார்டில் பெரும்பகுதி எதிராளி தொட்ட பிறகு அவர் தானாகப் பிடுங்கியது.

மேசையில் பேசும்போது ஒன்று: டிராஃப்ட் நேரத்தில் "இவன் தேறமாட்டான்" என்று நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அவன் வீட்டுப் பிள்ளை. "பிளிட்ஸ் வந்தால் யாரைத் தடுக்கிறான்?", "பின்னால் வரும் இரண்டாவது ரன்னிங் பேக் அதே லைனில் எவ்வளவு எடுக்கிறான்?" என்று கேளுங்கள், அவர்களே அரை மணி நேரம் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வதில் நிறைய விஷயம் இருக்கும், சிலர் முப்பது வருடமாக இந்த அணியைப் பார்ப்பவர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் பரம எதிரியான மிச்சிகனின் நிறமான நீலமும் மஞ்சளும் சேர்ந்த சட்டையை நவம்பர் கடைசியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: மூன்றாவது டவுனில் ஐந்து யார்டுக்கு மேல் தேவைப்படும்போது அந்தப் பையன் களத்தில் நிற்கிறானா, கோச் வேறொருவனை அனுப்புகிறாரா. எண்ணிக்கையை எழுதுங்கள், அடுத்து அங்கிருந்தே தொடரலாம்.