பிஜிஎம் இவ்ளோ போட்டும் சீன்ல டென்ஷனே வரலையே, என்ன பண்றது?

கேள்வி: சார், பிரண்ட்ஸோட சேர்ந்து மொபைல்லயே ஒரு த்ரில்லர் ஷார்ட் ஃபிலிம் எடுத்திருக்கேன். ராத்திரி வீட்டுல ஒரு பொண்ணு தனியா லேப்டாப்ல வேலை பாத்துட்டு இருக்கா, கிச்சன் பக்கம் இருக்குற பின்கதவு வழியா ஒருத்தன் உள்ள வர்றான், கடைசில அவ பின்னாடி வந்து நிக்கிறான். ஹேண்ட்ஹெல்ட்ல (ஸ்டாண்ட் இல்லாம கையில பிடிச்சு) எடுத்தோம், வேகவேகமா கட் பண்ணோம், பிஜிஎம் செமயா போட்டிருக்கோம். ஆனா பாத்தவங்க யாருக்குமே பயம் வரல, பாதில லேக் அடிக்குதுன்னாங்க, ஒருத்தன் சிரிச்சே சிரிச்சுட்டான். ரீஷூட்டுக்கு காசு இல்ல. எடிட்லயே காப்பாத்த முடியுமா?

பதில்: முக்கால்வாசி முடியும் தம்பி. ரெண்டு மூணு பேட்ச் ஷாட் (விட்டுப்போனதை அடைக்க தனியா எடுக்குற சின்ன ஷாட்) வேணும், அதுக்கு ஆர்ட்டிஸ்ட் முழுசா கூட வேண்டாம், ஒரு கை, ஒரு கால் போதும்.

டைம்லைனை திறக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லுங்க, அவன் உள்ள வந்துட்டான்னு பாக்குறவனுக்கு எப்போ தெரியுது? நீங்க சொல்றத வச்சு பாத்தா கடைசில, அவ பின்னாடி நிக்கும்போதுதான். அப்போ அதுக்கு முன்னாடி வர்ற ஒன்றரை ரெண்டு நிமிஷமும் ஒரு பொண்ணு டைப் அடிக்கிறா, அவ்ளோதான். அதுக்கு எவ்ளோ பெரிய ஆர்.ஆர் (பின்னணி இசை) போட்டாலும் டைப் அடிக்கிறதுதான. 1962ல பிரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோ எடுத்த நீளமான பேட்டியில த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் இதைத்தான் ஒரு உதாரணம் வச்சு சொல்லுவாரு, ரெண்டு பேர் மேசையில உக்காந்து சும்மா பேசிட்டு இருக்காங்க, மேசைக்கு அடியில பாம் இருக்கு, அது நமக்கு தெரியாம திடீர்னு வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, பாம் இருக்கறது நமக்கு முன்னாடியே தெரிஞ்சு அவங்களுக்கு மட்டும் தெரியலன்னா அதே வெட்டிப் பேச்சு 15 நிமிஷம் நம்மள ஆட்டி வைக்கும். எல்லாரும் கேட்டு கேட்டு சலிச்ச உதாரணம்தான், ஆனாலும் எனக்கு வர்ற ஷார்ட் ஃபிலிம்ல பாதிக்கு மேல மாட்டிக்கிற இடம் இதுதான்.

அதனால முதல் வேலை, பின்கதவு திறக்குற ஷாட்டை தூக்கி சீனோட ஆரம்பத்துக்கு கொண்டு வாங்க. அவ்ளோதான், இப்போ அந்த லேக் அடிச்ச டைப்பிங் ஷாட்டையே திரும்ப பாருங்க, ஒரு ஃப்ரேம் கூட மாத்த வேணாம், அவ தலையை சொறிஞ்சாலே நமக்கு பக்குனு இருக்கும்.

சிரிச்ச ஆள் எதுக்கு சிரிச்சிருப்பாருன்னு யோசிச்சா, வில்லனோட மூஞ்சியை முழுசா காட்டியிருப்பீங்கன்னு தோணுது. நம்ம பிரண்டுதான் வில்லன், முறைச்சிருப்பான், வேற என்ன பண்ணுவான் பாவம். மூஞ்சி வர்ற ஷாட்டெல்லாம் எடுத்துடுங்க. 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்துல வர்ற ஹோட்டல் ரூம் சீனை ஒருக்கா ஹெட்ஃபோன் போட்டு பாருங்க. பணப்பெட்டியோட ஒரு கொலைகாரன்கிட்டருந்து தப்பி ஓடுற ஹீரோ மாஸ் (Moss), பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்குற, இருக்குற இடத்தை காட்டிக் குடுக்குற ட்ரான்ஸ்மிட்டரை அப்போதான் கண்டுபிடிக்கிறான், கீழ ரிசப்ஷனுக்கு போன் போடுறான், ரிங் போயிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. லைட்டை அணைச்சுட்டு துப்பாக்கியோட கட்டில்ல உக்காருறான். கதவுக்கு அடியில வராண்டா வெளிச்சம் ஒரு கோடா தெரியுது, அதுல ரெண்டு கால் நிழல் வந்து நிக்குது, அப்புறம் நகர்ந்து போயிடுது, போயிட்டான்னு நினைக்கும்போது வராண்டா லைட்டு அணையுது. வந்தவன் மூஞ்சி எங்கயும் இல்ல, மியூசிக் வந்து நம்மள பயமுறுத்துறதும் இல்ல. வந்தது யாரு, ட்ரான்ஸ்மிட்டரோட பீப் சத்தம் வந்தா என்ன அர்த்தம்னு படம் ஏற்கனவே நமக்கு சொல்லிக் குடுத்துடுச்சு, அதனால கதவடியில ஒரு கோடு வெளிச்சமே போதும். இங்க கதவுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு மாஸுக்கு தெரிஞ்ச அளவுதான் நமக்கும் தெரியும், ஹிட்ச்காக் சொன்னதுக்கு இது வேற ரூட். ரெண்டுல எதுவும் ஓகேதான், ஆனா யாருக்கு என்ன தெரியும்னு முடிவு பண்ணாம கேமராவை தூக்கக்கூடாது.

அடுத்தது கடிகாரம். பாக்குறவன் எதுக்காவது காத்துட்டு இருக்கணும், அந்த நேரம் கரையறது அவன் கண்ணுக்கோ காதுக்கோ தெரியணும். 'நொட்டோரியஸ்' (1946) பார்ட்டி சீன்ல ஹிட்ச்காக் ஷாம்பெயின் பாட்டிலை வச்சே இதை பண்ணியிருப்பாரு, பாட்டில் தீர்ந்து போச்சுன்னா வீட்டுக்காரன் இன்னும் எடுக்க நிலவறைக்கு வருவான், அங்க ஹீரோவும் ஹீரோயினும் துழாவிட்டு இருக்காங்க, நடுநடுவுல மேல பாட்டில் குறையறதை காட்டிட்டே இருப்பாரு. உங்க கதையில கிச்சன் இருக்கே, ஸ்டவ்ல ஒரு குக்கரை ஏத்துங்க! பொண்ணு போன்ல அம்மாகிட்ட "மூணு விசில் வந்தா ஆஃப் பண்ணிடவாம்மா?"னு கேக்குற மாதிரி ஒரு டயலாக்கை அவ முதுகு தெரியுற ஷாட் மேல டப் பண்ணி வச்சுடுங்க, லிப் சிங்க் பிரச்சனையே வராது. இப்போ அவன் கிச்சன்ல இருக்கான், மூணாவது விசில் வந்தா இவ எழுந்து நேரா அங்கதான் போவா. ஆடியன்ஸ் விசில் எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. முதல் விசிலை கொஞ்சம் சீக்கிரமே விடுங்க, ரெண்டாவதுக்கு இழுங்க, அவ டைப் அடிக்கிறதை நிறுத்தி ரெண்டு விரலை நீட்டி எண்ணுற மாதிரி ஒரு இன்சர்ட் (நடுவுல சொருகுற க்ளோஸ்-அப், கை மட்டும் போதும்). மூணாவது விசில் வரவே கூடாது. பிரஷர் ஏறி உஸ்ஸுனு வர்ற சத்தம் கேக்குது, இதோ வரப்போகுதுன்னு இருக்கும்போது ஸ்டவ் நாபை திருகுற சத்தம், டக். அவ டைப்பிங் நிக்குது. இதுக்கு மேல அவன் வந்து பின்னாடி நிக்கணுமான்னே யோசிங்க, என்னைக் கேட்டா வேணாம்.

பிஜிஎம் விஷயத்துக்கு வருவோம். நீங்க ஆரம்பத்துலருந்தே டென்ஷன் மியூசிக் ஓட்டினா, பயப்படுற வேலையை மியூசிக்கே பண்ணிடுது, ஆடியன்ஸுக்கு வேலை இல்ல. 'ஜாஸ்' (1975) படத்துல சுறா வரும்போதெல்லாம் அந்த ரெண்டு நோட் மியூசிக் வரும்னு நம்மள பழக்கிட்டு, ரெண்டு பசங்க அட்டையில செஞ்ச சுறாவோட முதுகுத் துடுப்பை வச்சு ஏமாத்துற இடத்துல மியூசிக்கே போட மாட்டாங்க. மியூசிக் நேர்மையா இருந்ததாலதான் அப்புறம் அது எழும்பும்போதெல்லாம் வயித்த கலக்குது. உங்களுக்கு இருக்குற ரெண்டு நிமிஷத்துல அப்படி பழக்கவெல்லாம் நேரமில்ல, அதனால மொத்தமா மியூட் பண்ணிடுங்க. பதிலுக்கு ராத்திரி அதே ரூம்ல யாரும் பேசாம ஒரு நிமிஷம் ரூம் டோன் (ரூமோட இயல்பான சத்தம்) ரெக்கார்ட் பண்ணுங்க, ஃபேன் சத்தம், ஃப்ரிட்ஜ் உறுமல் தனித்தனியா. அவன் உள்ள வந்ததுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ் ஓடிட்டே இருந்து ஒரு இடத்துல டப்புனு நிக்கட்டும், நிக்கிற வரைக்கும் அது ஓடுனதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது, நின்ன உடனே வீடு எவ்ளோ அமைதியா இருக்குன்னு உறைக்கும். இன்னொன்னு, அடிவயித்துல உறுமுற மாதிரி பேஸ் ட்ரோன் எல்லாம் போன் ஸ்பீக்கர்ல கேக்கவே கேக்காது, உங்க படத்தை பாதி பேர் போன்லதான் பாப்பாங்க.

கட்டிங். வேகமா கட் பண்ணா டென்ஷன் ஏறும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, சண்டைக்கு ஓகே, காத்திருக்குற சீனுக்கு ஆகாது, ஏன்னா ஒவ்வொரு கட்டும் கண்ணுக்கு புதுசா ஒன்னு குடுத்து கொஞ்சம் மூச்சு விட வைக்குது. லேப்டாப்பும் அவளும் பின்னாடி கிச்சன் வாசலும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற வைட் ஷாட் ஏதாவது ரஷ்ஷஸ்ல (எடிட் பண்ணாத மொத்த ஃபுட்டேஜ்ல) கிடக்கும், தேடுங்க, அதை இருபது செகண்ட் அப்படியே விடுங்க. எல்லார் கண்ணும் அவளை விட்டுட்டு வாசலைத்தான் பாக்கும். வாசல்ல எதுவும் வரவேணாம்! கதவு எங்க, மேசை எங்கன்னு வீட்டோட அமைப்பும் அந்த ஒரே ஷாட்ல புரிஞ்சுடும், அது புரியலன்னா அவன் கிட்ட வர்றானா தூரப் போறானான்னே தெரியாது. அப்படி ஒரு ஷாட் இல்லன்னா பேட்ச்ல எடுங்க, அந்த பொண்ணு வர முடியலன்னா அதே சட்டையை போட்டு யாரையாவது முதுகு காட்டி உக்கார வைங்க, போன்ல பின்னணியை மங்கலாக்குற மோடை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, வாசல் மங்கிப் போனா எல்லாம் போச்சு.

ஹேண்ட்ஹெல்ட் ஆட்டம் ஆரம்பத்துலருந்தே இருந்தா நாப் சத்தம் வரும்போது ஆட்டுறதுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஸ்டெபிலைஸ் பண்ணி அமைதியாக்குங்க. 4கேல எடுத்திருந்தீங்கன்னா நல்லது, 1080ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது ரெண்டு மடங்கு வரைக்கும் ஜூம் பண்ணலாம், க்ளாரிட்டி பெருசா அடிபடாது, அந்த வைட் ஷாட்ல நூறு பர்சென்ட்ல ஆரம்பிச்சு நூத்திப் பத்து வரைக்கும் ரொம்ப மெதுவா உள்ள போங்க, ஜூம் ஆகுதுன்னு யாராவது கண்டுபிடிச்சா அது அதிகம்.

லைட்டிங் பத்தி இப்போ பேசி புண்ணியமில்ல, எடுத்தது எடுத்ததுதான், கிரேடிங்ல (கலர், வெளிச்சம் சரி பண்றப்போ) கிச்சன் பக்கத்தை மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகுற அளவு, இறக்குங்க.

முடிவை பத்தி ஒன்னு. இவ்ளோ நேரம் இழுத்துட்டு பொண்ணை கொன்னுடலாம்னு ஐடியா இருந்தா ரெண்டு தடவை யோசிங்க. 'சபோட்டாஜ்' (1936) படத்துல பாம்னே தெரியாம அதை தூக்கிட்டு போற சின்ன பையனை பஸ்ஸோட சேத்து வெடிக்க விட்டாரு ஹிட்ச்காக், ஜனங்க கோவப்பட்டாங்க, அப்படி பண்ணியிருக்கக் கூடாதுன்னு பின்னாடி அவரே சொன்னாரு. நாப் சத்தம், டைப்பிங் நிக்குது, அவ திரும்பாம அப்படியே உக்காந்திருக்கா, அங்கயே பிளாக்குக்கு போயிடுங்க.

அப்புறம் அந்த விசில் சத்தத்தை நெட்ல எடுத்து போடாதீங்க, பக்கத்துலருந்து ஊதுன மாதிரி கேக்கும். உங்க வீட்டுல குக்கரை ஏத்திட்டு, அவ உக்காந்திருக்குற தூரத்துல போனை வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, கிச்சன் கதவு பாதி சாத்தி இருக்கட்டும்.