யார் யாருக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள்?

கேள்வி: கரீபியன் கடலில் ஒரே தீவு. கிழக்கே இருக்கும் டொமினிக்கன் குடியரசு சுற்றுலாவில் கொழிக்கிறது. மேற்கே இருக்கும் ஹைட்டி 1804இலேயே விடுதலை பெற்றும் வறுமையில் கிடக்கிறது. உலகமே உதவிப் பணத்தைக் கொட்டியும் தேறவில்லை. ஊழலும் உழைக்க மனமில்லாததும்தானே காரணம்? – வாசகர், கோவில்பட்டி.

பதில்: ஊழல் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ‘உழைக்க மனமில்லை’ என்பதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 1789இல் பிரான்சின் குடியேற்றமாக இருந்த அந்த மண்ணில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். உலகச் சந்தைக்கு வந்த காப்பியில் சுமார் பாதி அங்கிருந்துதான் போனது. பிரான்சின் துறைமுக நகரங்கள் செழித்தது அந்த உழைப்பில்.

அந்த அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர நெப்போலியன் அனுப்பிய படையை 1803 நவம்பர் 18 அன்று வெர்தியேரில் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று அவர்களின் படைத்தலைவர் தெசலின் விடுதலையை அறிவித்தார். இதுவரை பள்ளிப் புத்தகங்களிலும் கிடைக்கும். நீங்கள் படிக்க வேண்டியது அதற்குப் பிந்தைய வரவுசெலவுக் கணக்கு.

1825 ஜூலையில், பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல் ஏப்ரல் 17 அன்று பிறப்பித்த ஆணையோடு 14 போர்க்கப்பல்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் முன் வந்து நின்றன. அவற்றில் 500க்கு மேற்பட்ட பீரங்கிகள். ஆணையின் சாரம் இது: ஹைட்டியை விடுதலை நாடாக ஏற்கிறோம், பதிலுக்கு, சொத்தை இழந்த பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க்கை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கட்டுங்கள், பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கத்தைப் பாதியாகக் குறையுங்கள். இழந்த சொத்தின் மதிப்பில் அடிமைகளின் விலையும் அடக்கம். போரில் வென்றவர்கள் தங்கள் உடம்புக்கான விலையைத் தோற்றவர்களிடம் கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். இந்தத் தொகை எவ்வளவு பெரியது? 1803இல் வட அமெரிக்காவில் தன் வசமிருந்த லூசியானா பிரதேசம் முழுவதையும் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்க்குக்கு விற்றது. அதன் பரப்பு ஹைட்டியைப் போல 70 மடங்குக்கு மேல்.

ஜனாதிபதி புவாயே கையெழுத்திட்டார். முதல் தவணை 3 கோடி. கஜானாவில் அவ்வளவு ஏது? பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்கினார்கள். 1000 பிராங்க் பத்திரத்தை 800க்கு விற்றதால் எழுதிக்கொடுத்தது 3 கோடிக்கு, கைக்கு வந்தது 2 கோடி 40 லட்சம். வட்டி 6 சதவீதம், அதுவும் முழு 3 கோடிக்கு: ஆண்டுக்கு 18 லட்சம். கைக்கு வந்த தொகையை வைத்துப் பார்த்தால் ஏழரை சதவீதம். குறைந்த 60 லட்சத்துக்காகக் கஜானாவைத் துடைத்தும் முதல் தவணையே முழுதாக அடையவில்லை. நஷ்டஈட்டுக் கடனும் அதைக் கட்ட வாங்கிய கடனும் சேர்ந்துகொண்டதால்தான் இதை இரட்டைக் கடன் என்கிறார்கள். 1838இல் மீதியை 6 கோடியாகக் குறைத்து 30 ஆண்டு தவணை கொடுத்தார்கள். அதற்குள் வட்டி தன் வேலையைச் செய்துவிட்டது.

இதைக் கட்டியது யார் என்பதையும் பாருங்கள். விடுதலைக்குப் பின் மக்கள் தோட்டங்களுக்குத் திரும்ப மறுத்து மலைச்சரிவுகளில் சிறு நிலங்களில் குடியேறினார்கள். ‘கோன்பித்’ என்று மேளம் கொட்டி, ஊர் கூடி ஒருவருக்கொருவர் நிலத்தில் உழைத்துக் கொடுக்கும் வழக்கம் அவர்களுடையது. அவர்களை மண்ணோடு கட்டிப்போட புவாயே 1826இல் ஊரகச் சட்டம் கொண்டுவந்தார். அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் அவர்கள் விளைவித்த காப்பி துறைமுகம் தாண்டும்போது ஏற்றுமதி வரி விழுந்தது. வியாபாரி அந்த வரியைக் கழித்துக்கொண்டுதான் விவசாயிக்கு விலை கொடுத்தான். பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய அந்தக் காப்பிப் பணம் பாரிசுக்குப் போனது. 1875இல் வாங்கிய புதுக் கடனில் வங்கியாளர்கள் 40 சதவீதத்தைத் தரகாக எடுத்தார்கள். 1880இல் ‘ஹைட்டி தேசிய வங்கி’ என்று ஒன்று தொடங்கினார்கள். அதை நடத்தியவர்கள் பாரிசில் இருந்தார்கள். 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் அந்த வங்கியின் வாரிசான வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தை மச்சாயாஸ் கப்பலில் ஏற்றி நியூயார்க் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே நாட்டையும் பிடித்து 1934 வரை வைத்திருந்தார்கள். நிதி நிர்வாகம் 1947 வரை அவர்கள் கையில்தான்.

டொமினிக்கன் குடியரசைக் காட்டுகிறீர்கள். அது ஸ்பெயினின் குடியேற்றமாக இருந்தது. 1825 ஆணை தீவின் ‘பிரெஞ்சுப் பகுதி’ மக்கள் மீதுதான் விழுந்தது. 1822 முதல் ஹைட்டியின் ஆட்சியில் இருந்த கிழக்குப் பகுதி 1844இல் பிரிந்துபோனது, கடன் ஹைட்டியோடு தங்கியது. 1960வாக்கில் இரு நாடுகளின் தலா வருமானமும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிந்தைய இடைவெளியில் பெரும்பங்கு 1957 முதல் 1986 வரை ஆண்ட துவாலியே அப்பா, மகன் இருவருக்கும் உரியது. நீங்கள் சொல்லும் ஊழல் இதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கம்யூனிச எதிர்ப்பாளர்கள் என்பதற்காக அவர்களுக்குப் பணம் கொடுத்துத் தாங்கியது வாஷிங்டன். மகன் துவாலியே தப்பியோடித் தஞ்சம் புகுந்தது பிரான்சில்.

இனி, உதவி. 1978இல் தீவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. அது அமெரிக்காவுக்குப் பரவிவிடும் என்ற பயத்தில், 1983க்குள் ஹைட்டியின் கருப்பு நாட்டுப் பன்றிகளைக் கிட்டத்தட்ட ஒன்று விடாமல் ஒழித்தார்கள். அந்தப் பன்றி குப்பையையும் உதிர்ந்த பழத்தையும் தின்று தானே வளரும். பள்ளிக் கட்டணமா, வைத்தியச் செலவா, நம் கரிசல்காட்டுச் சம்சாரி ஆட்டை விற்பது போலப் பன்றியை விற்பார்கள். பதிலுக்கு வந்த அமெரிக்கப் பன்றிக்குக் கூரை, சுத்தமான தண்ணீர், விலைக்கு வாங்கும் தீவனம் எல்லாம் வேண்டும். சம்சாரி குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் அது எப்படி வளரும்? அடுத்து அரிசி. 1990களின் நடுவில் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி குவிந்தது, அர்த்திபோனிட் பள்ளத்தாக்கு நெல் விவசாயி நொடித்தார். தன் மாநிலமான அர்க்கன்சாவின் விவசாயிகளுக்கு அது லாபமாக இருந்திருக்கலாம், ஆனாலும் தவறு என்று 2010 மார்ச்சில் செனட் குழு முன் பில் கிளிண்டனே ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு ஜனவரி 12 பூகம்பத்துக்குப் பின் வந்த நிவாரணப் பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஹைட்டி அரசின் கைக்குப் போகவில்லை. அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு அர்த்திபோனிட் ஆற்றில் சேரும் கிளையாற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. தன் பங்கை ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது.

2003இல் ஜனாதிபதி அரிஸ்தீத் அந்த நஷ்டஈட்டைத் திருப்பிக் கேட்டார்: 2,100 கோடி டாலருக்கு மேல். அடுத்த பிப்ரவரியில் பதவியிழந்து நாட்டைவிட்டே போக நேர்ந்தது. ஆணையின் 200ஆம் ஆண்டு நாளான 2025 ஏப்ரல் 17 அன்று, இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அறிவித்தார். பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதி அதில் இல்லை. தர வேண்டும் என்பதே நம் கருத்து. 2021இல் ஜனாதிபதி மோயீஸ் கொல்லப்பட்ட பின் தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களிடம் சிக்கியிருப்பதால் யாரிடம் கொடுப்பது என்ற சிக்கல் உண்மையானது. அது கொடுக்கும் முறையைப் பற்றிய சிக்கல். அர்த்திபோனிட்டின் பாசனக் கால்வாய்களிலிருந்தும் கிராமப் பள்ளிகளிலிருந்தும் தொடங்கலாம்.