அந்தப் பெண் ஏன் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை?

கேள்வி: அரசு சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் பற்றி எட்டு மாதம் உழைத்து ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் ஆய்விதழில் அது வந்தபோது துறைத்தலைவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. தீர்ப்புகளைத் தேடித் தர ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி உதவினாள், பாவம், பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. அடிக்குறிப்பில் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் நானே. கணவர், ‘வேலை முக்கியம், விட்டுத் தள்ளு’ என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்ய?

– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் தலைவர் செய்தது திருட்டு. அது உங்களுக்கே தெரியும், அதனால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உங்களைத் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. இதே கடிதம் வேதியியல் துறையிலிருந்தும் தமிழ்த் துறையிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. ஆனால் ‘பாவம், பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை’ என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அவள் செய்தது உதவியா? 1960-ம் வருஷத்துச் சட்டம் போய் 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவரைக் காலி செய்யச் சொல்லலாமா என்று 21-ம் பிரிவை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் கொஞ்சமா நஞ்சமா! அந்தத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது எதைப் பின்பற்றியது, எது எதிலிருந்து விலகியது என்று பிரித்து வைத்தால்தான் உங்கள் வாதமே எழுந்து நிற்கும். சட்டப் படிப்பில் மாணவர்கள் எடுபிடிகள் இல்லை, அம்மா. ஹார்வர்டில் 1887-ல் மாணவர்கள் தொடங்கிய சட்ட ஆய்விதழை இன்றைக்கும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள், பேராசிரியர் கட்டுரையைத் திருத்துவதும் வேண்டாமென்று திருப்பி அனுப்புவதும் அவர்கள்தான். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலும் மாணவர்கள் நடத்தும் இதழ் இருக்கிறது. உங்களிடம் அவளுக்கு ஒரு அடிக்குறிப்பு!

சரி, கணக்குக்கு வருவோம். யூ.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிப்படி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் பார்க்கும் கணக்கில், உங்கள் மாதிரித் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் எழுதினால் ஆளுக்கு 7. தலைவர் உங்களிடமிருந்து 3 எடுத்துக்கொண்டார், கோபம் நியாயம்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தால் முதல் ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்கு 3. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் பெயர் விடுபட்டது மறதியாலா, அந்த 4 மதிப்பெண்ணாலா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், தூக்கம் வராதபோது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தலைவர் உடைத்தால் பொன்குடம், நீங்கள் உடைத்தால் மண்குடமா?

பெற்றவர்களுக்கு அடுத்து ஆசிரியர் என்று நம்புகிறவள் நான். அன்றைக்குப் பானை பொங்கும்போது ஒரு அம்மா வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பாள், ‘மேடத்துக்கு முக்கியமான வேலையாம், அதான் வரல’ என்று பக்கத்து வீட்டில் பெருமையாகவும் சொல்லியிருப்பாள். அந்தப் பெருமைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று அச்சாகிவிட்டது, அதில் அவள் இல்லை என்று அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

முதலில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். அப்புறம் இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்: அடுத்த இதழில் திருத்தம் போட்டு அவளை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும், கூடவே தலைவர் எழுதிய பகுதி எது என்று குழு அவரிடம் கேட்க வேண்டும். தேதியோடு இருக்கும் உங்கள் வரைவுகளையும் இணையுங்கள். கணவர் பயப்படுவதில் தப்பில்லை, மாதச் சம்பளத்தில் ஓடும் வீடு. ஆனால் உங்கள் மதிப்பெண் 3 ஆகும் என்று தெரிந்தே எழுதிய கடிதத்தைப் பொறாமை என்று யாரும் ஒதுக்க முடியாது.

சீக்கிரம் செய்யுங்கள், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, தேர்வு முடிந்தால் போய்விடுவாள். வீட்டு முகவரியை இப்போதே வாங்கி வையுங்கள், திருத்தத்தோடு வரும் இதழில் ஒரு பிரதியை அவள் அம்மா பெயருக்கு நீங்களே தபாலில் அனுப்ப வேண்டும்.