பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து: வீராங்கனை தேறுவது எப்படி, அணி ஒன்றுசேர்வது எப்படி? – கேள்வி பதில்

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகவே எழுத வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்கள் அணிகளில் நன்றாக ஆடுபவர்கள் ஒரே வருடத்தில் என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் மட்டும் ஏன் நான்கு வருடம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள்?

விதிதான் காரணம். பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவின் டிராஃப்டுக்கு (அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு) ஓர் அமெரிக்கக் கல்லூரி வீராங்கனை போக வேண்டுமென்றால் அந்த ஆண்டுக்குள் அவளுக்கு 22 வயது ஆக வேண்டும், அல்லது பட்டப்படிப்பு முடிய வேண்டும், அல்லது பள்ளியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். என்பிஏவுக்கு 19 வயதும், பள்ளி முடித்து ஓராண்டும் போதும்.

இந்த ஒரு விதியால்தான் பெண்கள் ஆட்டத்தில் ஒரு வீராங்கனை வளர்வதை நம்மால் கண்ணால் பார்க்க முடிகிறது. முதலாண்டில் பந்தைப் பிடிக்கவே பதறிய பெண், நான்காம் ஆண்டில் மற்றவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் இந்த ஆட்டத்தை விடாமல் பார்ப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

கேள்வி: "அவள் நன்றாக டெவலப் ஆகியிருக்கிறாள்" என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். முதலாண்டில் 4 புள்ளி எடுத்தவள் மூன்றாம் ஆண்டில் 15 எடுக்கிறாள், சரி. உண்மையில் என்னதான் மாறுகிறது?

உடம்பு மாறுகிறது, அது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் முடிவெடுக்கும் வேகத்தில் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். கூடைக்கு அருகே முதுகைக் காட்டி நிற்கும் முதலாண்டு சென்டருக்கு (அணியின் உயரமான ஆட்டக்காரிக்கு) பந்து வருகிறது. பிடித்த உடனே தரையில் ஒரு முறை தட்டுவாள். பழக்கதோஷம். பள்ளியில் அவள்தான் உயரமானவள், தட்டினாலும் பறிக்க ஆளில்லை. கல்லூரியில் அந்த ஒரு தட்டலுக்காகவே எதிரணி கார்டு (பந்தை நகர்த்தும் வேகமான ஆட்டக்காரி) ஒருத்தி காத்திருப்பாள், சட்டென்று இறங்கிக் கையை விடுவாள், பந்து போய்விடும். அதே பெண்ணை மூன்றாம் ஆண்டில் பாருங்கள். பந்தைப் பிடித்ததும் தாடைக்குக் கீழே, முழங்கைகளை விரித்து வைத்துக்கொள்வாள். தோளுக்கு மேல் ஒரு பார்வை. இரண்டாவது ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று தெரிந்த பிறகுதான் காலை நகர்த்துவாள். புள்ளிக்கணக்கு ஏறுவதற்கு முன்பே டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) குறைந்திருக்கும். அங்கேதான் வளர்ச்சி முதலில் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் எப்போது? சீசன் நடக்கும்போது வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி வைக்கலாம். அதில் பெரும்பகுதி அடுத்த எதிரணிக்குத் தயாராவதிலேயே போய்விடும். சீசன் இல்லாத மாதங்களில் வாரத்துக்கு 8 மணி நேரம். குறைவாகத் தோன்றினாலும் தனித்திறன் வளர்வது பெரும்பாலும் அப்போதுதான். அத்தோடு, பயிற்சியாளர் இல்லாமல் அவளாகவே ஜிம்முக்குப் போய் எடுக்கும் ஷாட்டுகள் எந்தக் கணக்கிலும் வராது. நல்ல பயிற்சியாளர்கள் ஒரு கோடைக்கு ஒரே ஒரு திறனைத்தான் கொடுப்பார்கள். "இந்த வருடம் இடது கையால் கூடையில் போடுவது, வேறெதுவும் வேண்டாம்" என்பதுபோல. ஐந்தை ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றுகூட ஆட்டத்துக்கு வந்து சேராது.

நல்ல உதாரணம் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியின் ரேவன் ஜான்சன். 2023 தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் அயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க், ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றபோது "எறிந்துகொள்" என்பதுபோல் கையசைத்துவிட்டு நகர்ந்துபோனாள். உலகமே பார்த்தது. ஜான்சன் அடுத்த கோடை முழுக்க ஷாட்டில் உழைத்தாள். அடுத்த சீசனில் அவளை யாரும் அப்படிக் காவலில்லாமல் விட முடியவில்லை. 2024 இறுதியாட்டத்தில், முதல் பாதி முடியும் தறுவாயில், அதே கிளார்க்கிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் போட்ட லேஅப்பை (கூடைக்கு மிக அருகே போய்ப் போடும் ஷாட்டை) இன்னும் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் பார்ப்பேன்.

கேள்வி: அக்கா, அணியில் எல்லோரும் நெருங்கிய தோழிகளாக இருந்தால்தான் கெமிஸ்ட்ரி வருமா? நாங்கள் ஐந்து பேரும் உயிருக்கு உயிராகப் பழகுகிறோம், ஆனாலும் தோற்கிறோம்.

தோழமை வேறு, ஆட்டப் புரிதல் வேறும்மா. விளையாட்டு உளவியலில் ஆல்பர்ட் கேரன் என்ற கனடா ஆய்வாளர் இதை இரண்டாகவே பிரித்தார்: ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் ஒட்டியிருப்பது ஒன்று, ஒரே வேலைக்காக ஒட்டியிருப்பது இன்னொன்று. இரண்டும் இருந்தால் சந்தோஷம். ஆட்டத்துக்குத் தவிர்க்க முடியாதது இரண்டாவதுதான்.

உங்கள் அணியில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எதிரணிக் கார்டு ஒருத்தி உங்கள் ஆளைத் தாண்டி உள்ளே நுழைகிறாள். கூடைக்கு அருகே நிற்கும் உங்கள் சென்டர் தன் ஆளை விட்டுவிட்டு அவளைத் தடுக்க வருகிறாள். இப்போது சென்டர் விட்டுவந்த ஆள் தனியாக நிற்கிறாள், அவளை மூன்றாவது ஒருத்தி இறங்கிவந்து மறிக்க வேண்டும். எல்லாம் இந்த மூன்றாமவளிடம்தான் இருக்கிறது. அவள் அரை நொடி தயங்கினாலும் சுலபமாக இரண்டு புள்ளி போகும். இப்படி நாலு தடவை நடந்தால் சென்டர் உதவிக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். தன் ஆள் புள்ளி எடுத்தால் பழி தன் மேல்தானே என்று நினைப்பாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சென்டர் சோம்பேறி என்பார்கள். நம்பிக்கை போனது வேறிடத்தில்.

உயிர்த்தோழிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருத்தி தப்பு செய்தால் மற்றவள் மனம் புண்படுமே என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். "ஸ்க்ரீன் (வழிமறித்து நிற்கும் எதிரணி ஆள்) வருது என்று நீ கத்தவில்லை, அதனால்தான் மாட்டினேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லவும், கேட்டவள் அதை அடுத்த பந்துக்குள் மறக்கவும் முடிகிற அணிதான் தேறும். நாளைக்கே பயிற்சியில் தடுப்பாட்டத்தின்போது யார் பேசுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வி: ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததிலிருந்து ஆட்டக்காரர்கள் வருடாவருடம் கல்லூரி மாறுகிறார்கள். இதில் அணி ஒற்றுமை எங்கே வரும்?

போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல், 2018 அக்டோபரில் வந்தது. 2021லிருந்து முதல் முறை மாறுபவர்கள் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டியதில்லை, 2024லிருந்து படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். பயிற்சியாளர்களின் வேலை இதனால் இரட்டிப்பானது உண்மை.

ஆனால் "மாறி வந்தவர்களை வைத்து அணி அமையாது" என்பதை நான் ஏற்கவில்லை. 2023இல் தேசியப் பட்டம் வென்ற எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியில் பாதிக்கு மேல் புதுமுகங்கள். மேரிலாண்டிலிருந்து வந்த ஏஞ்சல் ரீஸ்தான் நட்சத்திரம். இறுதியாட்டத்தில் பெஞ்சிலிருந்து (மாற்று ஆட்டக்காரியாக) எழுந்துவந்த ஜாஸ்மின் கார்சன் 22 புள்ளி எடுத்தாள், அவளும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவள்தான். அப்புறம் கமிலா கார்டோசோ. சிராக்யூஸிலிருந்து சவுத் கரோலினாவுக்கு மாறிவந்து, அலியா பாஸ்டனுக்குப் பின்னால் இரண்டு வருடம் பெஞ்சில் காத்திருந்தாள். 2024இல் அவள்தான் ஃபைனல் ஃபோரின் (கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்றின்) சிறந்த வீராங்கனை.

மாறி வருபவளிடம் என்ன சொல்லி அழைத்துவந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீதான் இங்கே எல்லாம்" என்று நான்கு பேரிடம் சொல்லி அழைத்துவந்தால் நவம்பரிலேயே பிளவு தெரியும். "உனக்கு இந்த வேலை, ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆடுவாய்" என்று உள்ளதைச் சொல்லி அழைத்துவந்தால் ஜனவரிக்குள் ஒட்டிவிடுவார்கள்.

கேள்வி: என் மகள் டிவிஷன் 1 (கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டப் பிரிவு) அணியில் இரண்டாம் ஆண்டு. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. வீட்டுக்குப் போன் செய்தாலே அழுகிறாள். வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?

உங்கள் வேதனை புரிகிறது. ஒன்றை மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: பயிற்சியாளருக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். அவளே போய்ப் பேசட்டும். "ஏன் என்னை ஆட வைக்கவில்லை" என்று கேட்டால் சமாதானம்தான் பதிலாக வரும். "எனக்கு முன்னால் ஆடுபவள் செய்வதில் நான் செய்யாதது எது? இந்த வருடத்துக்குள் எந்த ஒரு விஷயத்தைத் தேற்றினால் எனக்கு நேரம் கிடைக்கும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் வந்தால், அந்தப் பயிற்சியாளர் அவளைக் கவனிக்கிறார் என்று அர்த்தம், இருந்து உழைக்கலாம். இரண்டு மூன்று முறை கேட்டும் "பொறுமையாக இரு" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லையென்றால் அவர் மனதில் அவளுக்கு இடமில்லை. அப்போது மாறுவதில் எந்தத் தவறும் இல்லை, வெட்கமும் இல்லை.

பெஞ்ச் என்றால் தண்டனை என்று அவள் நினைக்கிறாளா என்றும் பாருங்கள். 2024 இறுதியாட்டத்தில் சவுத் கரோலினாவின் பெஞ்ச் 37 புள்ளி எடுத்தது, அயோவாவின் பெஞ்ச் பூஜ்யம். அந்த ஆட்டத்தில் சவுத் கரோலினாவுக்காக அதிகப் புள்ளி எடுத்தது, 19, டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாண்டு மாணவி. அவளும் பெஞ்சிலிருந்து வந்தவள்தான். முந்தைய ஆண்டு ஆட்டங்களைத் தொடங்கிய ஐந்து பேரும் போய்விட்ட பிறகு, 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் அந்த அணி பட்டம் வென்றது. பெஞ்சில் இருந்தவர்களைப் பயிற்சியில் உண்மையாக ஆட வைத்திருந்தால்தான் இப்படி நடக்கும்.

அழுகை விளையாட்டைத் தாண்டிப் படிப்பு, தூக்கம், சாப்பாடு என்று பரவுவதுபோல் தெரிந்தால் ஆட்டக் கணக்கை ஒதுக்கிவையுங்கள். கல்லூரியில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர்கள் இருப்பார்கள், முதலில் அங்கே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்கள் அணி ஆண் மாணவர்களோடு பயிற்சி ஆடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. டென்னசி அணியில் பயிற்சியாளர் பாட் சம்மிட் காலத்திலேயே இருந்த வழக்கம். அதே கல்லூரியில் படிக்கும் மாணவர்களாக இருக்க வேண்டும், இதற்காக அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கக் கூடாது. அடுத்த எதிரணி எப்படி ஆடுமோ அப்படியே அவர்கள் ஆடிக்காட்டுவார்கள். உயரமும் வேகமும் அதிகம் என்பதால் நிஜ ஆட்டம் சற்று எளிதாகத் தெரியும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஆண்கள் எதிரணியாக நின்றால், வரிசையில் பத்தாவது, பதினொன்றாவது இடத்தில் இருக்கும் பெண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மேலே கேள்வி கேட்டவரின் மகள் போன்றவர்கள் தேற வேண்டிய இடமே அதுதான். வாரத்தில் சில நாளாவது அணிக்குள்ளேயே ஐவருக்கு ஐவர் ஆட வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: கிளார்க் போல ஒருத்தி கையிலேயே பந்து இருந்தால் மற்றவர்களுக்குப் பொறாமை வராதா?

மற்றவர்களுக்கும் ஷாட் வருகிறதா என்பதைப் பொறுத்தது. கிளார்க் 2023-24இல் புள்ளிகளில் மட்டுமல்ல, அசிஸ்டிலும் (மற்றவள் கூடை போடப் பந்து கொடுப்பதிலும்) நாட்டிலேயே முதலிடம். ஓடினால் பந்து வரும் என்று தெரிந்தால் எல்லோரும் ஓடுவார்கள். அயோவாவில் கேட் மார்ட்டின், கேபி மார்ஷல் போன்றவர்கள் அவளோடு நான்கு வருடம் ஆடியவர்கள். அவள் தலை எந்தப் பக்கம் திரும்பினால் பந்து எங்கே வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கேள்வி: பணம் வந்த பிறகு?

2021 ஜூலை முதல் வீராங்கனைகள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். அவர்கள் உழைப்பில் எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள், அவர்களுக்கும் வரட்டும். யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு அறைக்குள் வரத்தான் செய்யும். யார் அதிக நேரம் ஆடுவது என்ற பழைய பேச்சைவிட அது பெரிய ஆபத்தாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: முழங்கால் தசைநார் கிழிந்து வருடம் முழுக்க வெளியே இருப்பவள் அணிக்கு என்ன செய்ய முடியும்?

நிறைய. பெண் ஆட்டக்காரர்களுக்கு ஏசிஎல் எனப்படும் அந்தத் தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். திரும்பிவரப் பொதுவாக 9 முதல் 12 மாதம் ஆகும். யூகான் (கனெடிகட் பல்கலைக்கழக) அணியின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2022-23 முழுவதும் ஆடவில்லை, ஆஸி ஃபட் அடுத்த சீசனில் ஆரம்பத்திலேயே காயத்தில் விழுந்தாள். 2025இல் இருவரும் சேர்ந்து பட்டம் வென்றார்கள், இறுதியாட்டத்தில் சவுத் கரோலினாவுக்கு எதிராக 82-59.

வெளியே உட்காரும் வருடத்தில்தான் ஆட்டம் முழுதாகக் கண்ணில் படும். நல்ல அணிகள் காயம்பட்டவளைத் தனியாக உடற்பயிற்சி அறைக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவதில்லை. பயிற்சியின்போது கையில் ஒரு தாளைக் கொடுத்து, தடுப்பாட்டத்தில் யார் எத்தனை பந்தைத் தட்டிவிட்டார்கள் என்று குறிக்கச் சொல்வார்கள். இடைவேளையில் அவள் சொல்வதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். சில பயிற்சியாளர்கள் முதலாண்டு மாணவி ஒருத்தியை அவள் பக்கத்திலேயே உட்கார வைப்பதும் உண்டு.

கேள்வி: புதிதாகப் பார்க்கிறேன். ஸ்கோர் பட்டியலில் புள்ளிகளைத் தவிர எதைப் பார்க்கட்டும்?

மொத்தம் போட்ட கூடைகளில் எத்தனைக்கு அசிஸ்ட் இருக்கிறது என்று பாருங்கள். டர்ன்ஓவரைப் பாருங்கள். எத்தனை பேர் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்கள் ஆட்டத்தில் 2015-16லிருந்து பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. மூன்றாம் கால்பகுதியின் முதல் மூன்று நிமிடத்தை விடாதீர்கள். இடைவேளையில் பேசியது எத்தனை பேர் மண்டையில் ஏறியது என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரே அணியை நவம்பரில் ஒரு முறை, பிப்ரவரி கடைசியில் ஒரு முறை பாருங்கள். இரண்டு தடவையும் ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரியின் மேல் கண்ணை வைத்திருங்கள்.